எந்தக் கப்பல் என்று கேட்காதீங்க, எந்தக் கரை என்று கேளுங்க

கனடாவிலயும் லண்டனிலயும் சொந்தக்காரர் இருக்கிற மட்டக்களப்புக் குடும்பங்களின் வட்ஸ்அப் குழுக்களில் இந்தக் கதை ஒருக்காலாவது வந்திருக்கும்: டிசம்பர் லீவுக்கு குரூஸ் போகப் போறம், ரோயல் கரீபியனா, கார்னிவலா? உடனே குழு ரெண்டாப் பிரியும். சித்தப்பா ஒரு யூடியூப் லிங்க் போடுவார். மாமியின் மகன் ரெண்டு கப்பலின் நீச்சல் குளத்தையும் பக்கத்தில பக்கத்தில வச்சுப் படம் போடுவான். ஒன்றில சறுக்குமரம் பெரிசாம், மற்றதில பேர்கர் இலவசமாம். ரெண்டு நாள் வாக்குவாதத்துக்குப் பிறகு ஒருத்தர் கிரெடிட் கார்டை எடுப்பார். இஞ்ச இருக்கிற நாங்களும் அதை வாசிச்சுக்கொண்டு, எங்களுக்கும் ஒரு நாள் வரும் என்று இருப்பம்.

அந்த வாக்குவாதமே பிழை என்று சொல்லத்தான் இதை எழுதுறேன். குரூஸ் போகக் கூடாது என்று சொல்ல வரல்ல. உழைச்ச காசில லீவு எடுக்கிறது ஆரும் ஆருக்கும் விளக்கம் சொல்லவேண்டிய விஷயமில்ல. ஆனா தெரிவு செய்யிறம் என்று நினைச்சுக்கொண்டு நாங்க எதைத் தெரிவு செய்யிறம் என்றதைப் பார்க்க வேணும்.

முதல்ல அந்த ரெண்டு கம்பனியையும் எடுப்பம். கார்னிவல் கோப்பரேஷனுக்குள்ள கார்னிவல் மட்டும் இல்ல. பிரின்செஸ், ஹொலண்ட் அமெரிக்கா, கொஸ்டா, கியூனார்ட் எல்லாம் அதே முதலாளிதான். ரோயல் கரீபியன் குழுமத்துக்குள்ள செலிபிரிட்டியும் சில்வர்சீயும் இருக்கு. ஆக, "கார்னிவல் வேணாம், பிரின்செஸ் தரமானது" என்று முடிவெடுக்கிறவர் ஒரே கடையின் மற்றக் கதவால உள்ள போறார். ரெண்டு குழுமமும் தலைமையகத்தை அமெரிக்காவின் மயாமியில் வச்சிருக்கு. ஆனா கார்னிவல் உருவாக்கப்பட்டது பனாமாவின் சட்டத்தின் கீழ், ரோயல் கரீபியன் லைபீரியாவின் சட்டத்தின் கீழ். கப்பல்களின் பின்பக்கத்தில் பறக்கிற கொடி பெரும்பாலும் பஹாமாஸுடையது, இல்லாட்டி பனாமாவுடையது. வரியும் தொழிலாளர் சட்டமும் எங்க இளகியிருக்கோ அங்கதான் கொடி.

சுத்தம் பற்றிக் கதைச்சாலும் இதே கதைதான். கடலுக்குள்ள எண்ணெய்க் கழிவைக் கொட்டி, அதை மறைச்ச வழக்கில் 1999இல் ரோயல் கரீபியன் 18 மில்லியன் டொலர் தண்டம் கட்ட ஒப்புக்கொண்டது. அதே மாதிரிக் குற்றத்துக்கு 2016இல் கார்னிவலின் பிரின்செஸ் 40 மில்லியன் டொலர் கட்டியது. அந்த வழக்கு வெளியில வந்தது, கப்பலில் புதுசா வேலைக்குச் சேர்ந்த ஒரு பொறியியலாளர் கள்ளக் குழாயைக் கண்டு, வேலையை விட்டிட்டுப் போய் அதிகாரிகளிடம் சொன்னதால. நன்னடத்தைக் காலத்திலயே விதிகளை மீறினதுக்காக 2019இல் கார்னிவல் இன்னும் 20 மில்லியன் கட்டியது. சறுக்குமரத்தை ஒப்பிடுற எத்தனை வீடியோவில் இந்தக் கணக்கு வருது?

வேலை செய்யிற ஆக்களின் கணக்கும் வரல்ல. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி ஒரு கடல் தொழிலாளியிடம் ஒரு நாளைக்கு 14 மணித்தியாலம் வரைக்கும், ஒரு கிழமைக்கு 72 மணித்தியாலம் வரைக்கும் வேலை வாங்கலாம். அதுதான் பாதுகாப்பு என்று எழுதி வச்சிருக்கிற உச்சவரம்பு. தேர்ந்த மாலுமி ஒருவருக்குச் சர்வதேச அளவில் ஒத்துக்கொண்ட குறைந்தபட்ச அடிப்படை மாதச் சம்பளம் 2025 தொடக்கத்தில் 673 டொலர். கட்டில் விரிக்கிறவரும் கோப்பை கழுவுறவரும் அந்தக் கணக்குக்குள்ளயே ஒழுங்கா வாறதில்ல. அவங்கட வருமானத்தில் பெரிய பங்கு, பயணியின் பில்லில் சேர்க்கிற டிப்ஸை நம்பித்தான் இருக்கு. எங்கட நாட்டுப் பொடியன்கள் எத்தனையோ பேர் இந்தக் கப்பல்களில் நிக்கிறாங்க. மேல்தட்டில நாங்க செல்ஃபி எடுக்கிற நேரத்தில, கீழ்த்தட்டில ஜன்னல் இல்லாத அறையில் பங்க் கட்டிலில் படுத்துக் கிடக்கிறவர் கல்முனையாளாகவும் இருக்கலாம், நீர்கொழும்பாளாகவும் இருக்கலாம்.

அடுத்தது ஊர். குரூஸ் விளம்பரத்தில் தீவுகளின் பெயர் வரிசையா வரும். போய் இறங்கினா, அந்தத் தீவும் கம்பனியுடையது. பஹாமாஸில் கொகோகே என்ற தீவு ரோயல் கரீபியனின் கையில. ஹெய்ட்டியின் லபடியைக் குத்தகைக்கு எடுத்து, வேலி போட்டு, 1980களில் இருந்து தன் பயணிகளை இறக்கினதும் அதே கம்பனிதான். கார்னிவல் 2025இல் கிராண்ட் பஹாமாவில் செலிபிரேஷன் கீ என்று தனக்கொரு கடற்கரையைத் திறந்திருக்கு. கப்பலில் செலவழிச்ச காசும் அவங்களுக்கு, கரையில செலவழிக்கிற காசும் அவங்களுக்கு. ஹெய்ட்டிக்குப் போய் வந்தேன் என்று சொல்லுற எத்தனையோ பேர் வேலிக்கு அங்கால ஒரு கடையில தேத்தண்ணி கூடக் குடிச்சிருக்க மாட்டாங்க.

"இது கரீபியன் கதை, எங்களுக்கென்ன?" என்று கேட்பீங்க. அந்தக் கப்பல் எங்கட பக்கமும் வந்தது. 2023 ஜூன் 5 சென்னையில் கொடியசைச்சு அனுப்பின கோர்டிலியா குரூஸின் "எம்பிரெஸ்", அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை மூன்றையும் தன் பாதையில வச்சிருந்தது. அந்தக் கப்பல் 1990இல் "நோர்டிக் எம்பிரெஸ்" என்ற பெயரில் ரோயல் கரீபியனுக்காக ஓடத் தொடங்கியது. அங்க ஓடி முடிச்சு, கைமாறித்தான் இஞ்ச வந்தது. கப்பலோட சேர்ந்து வியாபார முறையும் வந்தது: படுக்கை உள்ளுக்க, சாப்பாடு உள்ளுக்க, சூதாட்டம் உள்ளுக்க, ஊர் வெளியில. காலையில இறங்கி, ஏசி பஸ்ஸில ஏறி, கோணேசர் கோயிலைப் பார்த்து, பின்னேரம் கப்பலுக்குத் திரும்பினா, திருகோணமலையில் அவர் ஒரு இரவு தங்கல்ல, ஒரு நேரச் சோறு சாப்பிடல்ல.

அதே கடலை இன்னொரு விதமாயும் கடக்கலாம். நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில ஏறக்குறைய 110 கிலோமீட்டர், நாலு மணித்தியாலப் பயணம். 2023 ஒக்டோபர் 14 "செரியாபாணி" என்ற கப்பல் தொடங்கி, ஒரு கிழமைக்குள்ளயே நின்று போனது. 2024 ஓகஸ்ட் 16 தனியார் கம்பனி ஒன்றின் "சிவகங்கை" திரும்பத் தொடங்கியது. இருக்கிறது நூற்றைம்பது இருக்கைதான். நீச்சல் குளம் இல்ல, நடனம் இல்ல. வாடைக்காற்று தொடங்கினா ஓட்டமும் இல்ல. கடல் கொந்தளிச்சா வாந்தியும் வரும். இதைப் புனிதக் கப்பல் என்று நான் சொல்லல்ல. இதுவும் டிக்கெட் வித்து லாபம் பார்க்கிற வியாபாரம்தான்.

ஆனா இதில வாறவர் இறங்கினதும் என்ன செய்ய வேணும் என்று யோசிச்சுப் பாருங்க. ஓட்டோ பிடிக்க வேணும். அறை எடுக்க வேணும். பசிச்சா கடை தேட வேணும். யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி மட்டக்களப்புக்கு வர வேணும் என்றா ஆரிட்டயாவது வழி கேட்க வேணும். இந்த ஒவ்வொரு "வேணும்"க்குள்ளயும் ஒரு உள்ளூர் ஆளின் வருமானம் இருக்கு, ஒரு கதையும் இருக்கு. பெரிய கப்பலில் ஆயிரத்துக்கு மேல ஆக்கள் வந்தாலும், அவங்களுக்கு இந்த "வேணும்" ஒன்றும் வராம கம்பனி பார்த்துக்கொள்ளும். தலையை எண்ணி சுற்றுலா வளர்ந்திட்டு என்று அறிக்கை எழுதுறவங்க இந்த வித்தியாசத்தை எழுதுறதில்ல.

எதிர்க்கேள்வி இருக்கு, நியாயமான கேள்வி. ரொறன்ரோவில ரெண்டு வேலை செய்யிற அக்கா, வருஷத்தில ஒரு கிழமையாவது சமைக்காம, கோப்பை கழுவாம இருக்கத்தான் குரூஸ் எடுக்கிறா. அவவிட்டப் போய் ஊரைத் தேடு, கடையைத் தேடு என்று வகுப்பெடுக்க ஏலாது. சக்கர நாற்காலியில் இருக்கிற அப்பாவைக் கூட்டிக்கொண்டு போறவருக்கு பெரிய கப்பல் மாதிரி வசதி வேற இல்ல. லிஃப்ட் இருக்கு, சாய்தளம் இருக்கு, வைத்தியர் இருக்கிறார். எங்கட ஆத்தில ஒரு தோணியில் அந்த அப்பாவை ஏத்த எத்தனை பேர் தூக்க வேணும் என்று எல்லாருக்கும் தெரியும். இதை ஒத்துக்கொள்ளத்தான் வேணும்.

அப்படிப் போறவருக்கும் ஒரு நேரான பதில் இருக்கு. கம்பனியை ஒப்பிடாதீங்க, பயண அட்டவணையை ஒப்பிடுங்க. ஒரே விலையில ரெண்டு கப்பல் இருந்தா நாலு கேள்வி கேளுங்க. ஒன்று, உண்மையான ஊர்த் துறைமுகத்தில எத்தனை மணித்தியாலம் நிக்குது, கம்பனியின் சொந்தக் கடற்கரையில எத்தனை மணித்தியாலம்? ரெண்டு, இறங்கினதும் எங்கட காலில நடந்து ஊருக்குள்ள போகலாமா, இல்லாட்டி அவங்கட பஸ்ஸில மட்டும்தானா? மூன்று, டிப்ஸ் என்று எடுக்கிற காசு ஆருக்குப் போகுது? நாலு, கழிவு விஷயத்தில அந்தக் குழுமம் எத்தனை தரம் பிடிபட்டிருக்கு? பேர்கரும் சறுக்குமரமும் அதுக்குப் பிறகு வரட்டும்.

இந்தக் கேள்விகள் எங்களுக்கு இன்னும் அவசரமா வேணும். ஏனென்றா எங்கட வாவியிலயும் இதே தெரிவு தொடங்கிட்டு.

மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீட்டர் நீளம். இதில பெரிய கப்பல் வர ஏலாது. முகத்துவாரத்து மணல்திட்டே விடாது. ஆனா கப்பலின் புத்தி வரும், வந்துகொண்டும் இருக்கு. சனி, ஞாயிறில கல்லடிப் பக்கம் வந்து பாருங்க. ஒரு பக்கம், பாட்டுப் போட்டுக்கொண்டு, தண்ணியைக் கிழிச்சுக்கொண்டு ஓடுற வேகப் படகு. பெரும்பாலும் ஹோட்டலில் அல்லது ஒன்லைனில் காசு கட்டி வாற பயணம். மற்றப் பக்கம், விடியக் காலையில இறால் வலை இழுத்திட்டு வந்து, பின்னேரம் நாலு பேரை ஏத்திக்கொண்டு போற மீனவரின் தோணி. முதலாவதில அரை மணித்தியாலத்தில கல்லடிப் பாலம், வெளிச்சவீடு எல்லாத்துக்கும் படம் எடுக்கலாம். ரெண்டாவதில எங்க மீன் கூடும், எந்தக் கண்டலுக்குள்ள கொக்கு கூடு கட்டும் என்று அறிஞ்ச ஆள் பக்கத்தில இருப்பார்.

ஊரின் பேரே பாடும் மீன். நிலாக் காலத்தில தோணியை நிப்பாட்டி, துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டு, மற்ற நுனியில காதை வச்சுக் கேட்கிறதுதான் பழைய முறை. ஸ்பீக்கர் போட்ட படகில ஏறி அதைக் கேட்க ஏலுமா? விற்கிற பொருளையே அழிக்கிற வியாபாரம் அது. அதோட, வேகப் படகின் அலை கரையோரக் கண்டலின் வேரில அடிக்கும், போட்டிருக்கிற வலையை அறுக்கும். வலை அறுந்தவருக்கு நட்டம், டிக்கெட் வித்தவருக்கு லாபம். இதையும் அபிவிருத்தி என்றுதான் சொல்லுவாங்க.

வாவியில் ஆக்களை ஏத்தி இறக்கிறது எங்களுக்குப் புதுசில்ல. எழுவான்கரையையும் படுவான்கரையையும் இணைச்சு வச்சதே துறைகளும் பாதைகளும்தான். மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும் வரைக்கும் ஆக்களும் சைக்கிளும் நெல்லு மூட்டையும் பாதையில் ஏறித்தான் அக்கரை போனது. குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையிலும் பாதை ஓடினது. அம்பிளாந்துறை என்ற ஊர்ப் பேருக்குள்ளயே துறை இருக்கு. கரையில் இருக்கிற ஆக்களுக்காகத்தான் தோணி ஓடினது. அந்த ஒழுங்கைத் திருப்பிப் போட்டு, தோணிக்காகக் கரையை எடுக்க விடலாமா?

அதனால இப்பவே, பெரிய முதல் வந்து இறங்குதுறைகளைப் பிடிக்க முன்னம், நாங்க கேட்க வேண்டியவை இருக்கு. வாவியில் சுற்றுலாப் படகு ஓட்டுற அனுமதியில் முதல் உரிமை வாவி மீனவர் சங்கங்களுக்கு. கண்டல் கரையிலயும் வலை போடுற இடங்களிலயும் வேகக் கட்டுப்பாடு. ஏறுற ஒவ்வொருவருக்கும் லைஃப் ஜாக்கெட், அது மீனவரின் தோணியாக இருந்தாலும். சக்கர நாற்காலி ஏறக்கூடிய சாய்தளத்தோட ஒரு இறங்குதுறையாவது. கடைசியாச் சொன்னதுக்கு குரூஸ் கம்பனிகளைப் பார்த்துப் படிக்கிறதில வெட்கம் இல்ல. நல்லதை எங்க கண்டாலும் எடுக்கலாம். மாநகர சபையும் பிரதேச சபைகளும் இதைத் தானாச் செய்யாது. கேட்கிற ஆக்கள் இருந்தாத்தான் செய்யும்.

எங்கட தலைமுறைக்கு ரேட்டிங் போடுறது பழகிட்டு. போன இடம், சாப்பிட்ட கடை, ஏறின படகு எல்லாத்துக்கும் நட்சத்திரம் குத்துறம். இனி குத்தும்போது இருக்கை மெத்தென்று இருந்ததா என்றதோட நிப்பாட்டாதீங்க. படகோட்டினவருக்கு எவ்வளவு கிடைச்சது என்று அவரிட்டயே கேட்டு எழுதுங்க. அப்படி நூறு பேர் எழுதினா, ஹோட்டல் மனேஜர்மாரும் வாசிக்கத் தொடங்குவாங்க.