மங்கிய திரையும் ‘மாத்துங்கோ’ என்ற மந்திரமும்

போன மாதம் எங்களில் ஒருத்தியின் அப்பா வீட்டில் இருந்த சங்கிலியை அடகு வைக்கத் தயாரானார். காரணம், அவருடைய காரின் நடுவில் இருக்கிற தொடுதிரை பகலில் மங்கிப்போனது.

கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். அங்கிள் ஹயர் ஓடுகிறவர். ஜப்பானில் ஓடி முடித்து இங்கே வந்து சேர்ந்த ஹைபிரிட் கார். யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்கவுக்கு ஆட்களை ஏற்றி இறக்கித்தான் வீடு நடக்கிறது, எங்கள் நண்பியும் கம்பசுக்கு வருகிறாள். ஒரு நாள் நல்ல வெயிலில், ஒழுங்கைக்குள் காரைப் பின்னுக்கு எடுத்திருக்கிறார். றிவேர்ஸ் கமராவின் படம் திரையில் நிழல் மாதிரித்தான் தெரிந்தது. ஒரு சின்னப் பிள்ளையின் மூன்று சில்லுச் சைக்கிள் டயருக்குள் போய் நசிந்தது. பிள்ளை அப்போது சைக்கிளில் இருக்கவில்லை. அன்றிரவு அங்கிள் சாப்பிடவில்லை என்று நண்பி சொன்னாள்.

அடுத்த நாளே கராஜுக்குப் போனார். முதலாவது இடத்தில் ஸ்கானரைக் குத்திப் பார்த்தார்கள். பிழைக் குறியீடு ஒன்றும் வரவில்லை. “பனல் போயிட்டுது அண்ணை” என்றார்கள். இரண்டாவது இடத்தில், “உது திருத்தேலாது, முழு செற்றையும் மாத்தோணும்” என்றார்கள். மூன்றாவது இடத்தில் சீனத்து அண்ட்ரொய்ட் செற் ஒன்றைக் காட்டி, கமராவோடு சேர்த்து ஒரு இலட்சத்து இருபதாயிரம் சொன்னார்கள். மூன்று இடத்திலும் ஒருத்தரும் “எப்ப மங்கினது? பகலிலயா, இரவிலயா? எப்பவுமா, இடைக்கிடையா?” என்று கேட்கவில்லை. எங்கள் கோபம் அங்கேதான் தொடங்குகிறது.

கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்டது, காரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாத கலைப்பீடத்துப் பிள்ளைகள் ஐந்து பேர். ஞாயிற்றுக்கிழமை வேப்பமரத்துக்குக் கீழே காரை விட்டுவிட்டு அங்கிளிடம் கதை கேட்டோம். இரண்டு கிழமையாக இப்படி. இரவில் ஒரு பிரச்சினையும் இல்லை. பகலில்தான் மங்கல். பிறகு அவர் போகிற போக்கில் ஒன்று சொன்னார்: “இப்ப ஏ நைனில போகேக்க எதிரில வாறவை எல்லாம் எனக்கு லைட் அடிச்சுக் காட்டினம். பொலிஸ் நிக்குது எண்டு நினைச்சு மெதுவாப் போவன். ஒரு பொலிசையும் காணேல்லை.”

அவர்கள் பொலிசைச் சொல்லவில்லை. பட்டப்பகலில் அங்கிளின் ஹெட் லைட் எரிகிறது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

காரின் லைட் சுவிட்ச் எப்போதும் ‘ஓட்டோ’வில் இருந்தது. டாஷ்போர்ட்டின் மேலே, முன் கண்ணாடிக்குக் கிட்ட, பொத்தான் அளவில் ஒரு கறுப்புக் குமிழ் இருக்கிறது. வெளியே இருட்டா வெளிச்சமா என்று பார்க்கிற சென்சர் அதுதான். அதற்கு மேலே இரண்டு கிழமைக்கு முன் வாங்கிப் போட்ட புது டாஷ்போர்ட் விரிப்பு. விரிப்புக்கு மேலே பிள்ளையார். விரிப்பை இழுத்ததும் சில வினாடிகளில் ஹெட் லைட் அணைந்தது, திரை பளிச்சென்று வந்தது. கார் ஒரு பிழையும் விடவில்லை. இரவு என்று நம்பி, இரவில் செய்யவேண்டியதைச் செய்துகொண்டிருந்தது. விரிப்பில் கத்தரிக்கோலால் ஒரு ஓட்டை வெட்டினோம். பிள்ளையாரை நாலு அங்குலம் தள்ளி வைத்தோம். செலவு: பூச்சியம்.

இதை நாங்கள் வீரக்கதையாகச் சொல்லவில்லை. எல்லா மங்கலும் விரிப்பால் வருவதில்லை. ஆனால் மங்கிய திரைக்கு ஒரு விசாரணை முறை இருக்கிறது. அது பரம இரகசியமும் இல்லை. தெரிந்தவரை எழுதுகிறோம், கராஜுக்குப் போகும்போது கையில் வைத்திருங்கள்.

முதலில் லைட் சுவிட்சை முழுதாக ‘ஓஃப்’ பண்ணிப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் பார்க் லைட் எரிந்தால் அந்தச் செய்தி ஒரு தனி வயரால் செற்றுக்குப் போகும். உடனே திரை இரவு முறைக்கு இறங்கும். பின்னால் பூட்டுகிற செற்றுகளில் அந்த வயர் பொதுவாகச் செம்மஞ்சள் நிறம். யாராவது புதிதாக செற் பூட்டும்போது அதை எந்நேரமும் மின்சாரம் வருகிற வயரோடு முறுக்கி விட்டிருந்தால், உங்கள் திரைக்கு இருபத்துநாலு மணி நேரமும் இரவுதான்.

இரண்டாவது, மீற்றர் பலகையின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகு. சில கார்களில் அதுவும் திரையோடு தொடர்புபட்டது. பிள்ளைகள் விளையாட்டாகத் திருகிவிட்டிருக்கலாம்.

மூன்றாவது, செற்றின் உள்ளே இருக்கிற வெளிச்ச அமைப்பு. ஜப்பான் செற்றில் இது ஜப்பானிய எழுத்தில் இருக்கும். போன் கமராவைப் பிடித்து மொழிபெயர்த்துப் பாருங்கள். ‘அகருசா’ என்றால் வெளிச்சம். ‘ஹிரு’ என்றால் பகல். சிங்களத்தில் ஹிரு சூரியன் என்பதால் இது எங்களுக்கு மறக்காது.

நான்காவது, உங்கள் கறுப்புக் கண்ணாடி. போலறைஸ்ட் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் சில திரைகள் சில கோணத்தில் கறுத்துத் தெரியும். கழற்றிப் பார்க்க ஒரு வினாடி.

ஐந்தாவது, சூடு. வெயிலில் பூட்டி விட்ட காருக்குள் வெப்பம் 60 பாகை செல்சியசையும் தாண்டிப் போகலாம். சில திரைகள் தங்களைக் காப்பாற்றத் தாங்களே வெளிச்சத்தைக் குறைக்கும். கார் குளிர்ந்ததும் சரிவந்தால் அது பழுதில்லை.

இவ்வளவும் பார்த்த பிறகும் மங்கலென்றால், இருட்டில் ஒரு ரோச் லைற்றைத் திரையில் சாய்வாக அடியுங்கள். படம் மெலிதாகத் தெரிகிறதா? அப்படியென்றால் படம் காட்டுகிற பனல் உயிரோடு இருக்கிறது. பின்னாலிருந்து வெளிச்சம் கொடுக்கிற விளக்குத்தான் போயிருக்கிறது. தொடுகிற படலம், படம் காட்டுகிற பனல், பின் விளக்கு என்று திரைக்குள் மூன்று அடுக்கு. ஒன்று போனால் மூன்றும் போனதாக அர்த்தமில்லை. பழைய செற்றுகளில் மெல்லிய குழாய் விளக்கு, பிந்தியவற்றில் எல்ஈடி. கைத்தொலைபேசி, ரீவி திருத்துகிற கெட்டிக்காரர் ஒருவரால் இதைத் திறந்து பார்க்க முடியும்.

இது ஏன் எங்களுக்குச் சொல்லப்படுவதில்லை? “மெக்கானிக் எல்லாரும் கள்ளர்” என்று சொல்லிவிட்டுப் போவது சுகம். நாங்கள் அப்படிச் சொல்லமாட்டோம். அந்த மூன்று கராஜிலும் வேலை செய்கிற பெடியன்களுக்கு எங்கள் வயதுதான். அவர்களுடைய கையில் அந்தக் காரின் கைநூல் இல்லை. இருந்தாலும் அது ஜப்பானிய மொழியில். பற்றரியைக் கழற்றினால் சில ஜப்பான் செற்றுகள் கடவுச்சொல் கேட்டுப் பூட்டிக்கொள்ளும், அதைத் திறக்க யாருக்காவது காசு கட்டவேண்டும். இப்படிப் பூட்டி வைத்த பெட்டியோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறவனுக்கு ‘மாத்துங்கோ’ என்பதுதான் ஆபத்தில்லாத பதில். செற் விற்றால் இலாபம். கேள்வி கேட்டு விரிப்பை இழுத்தால் ஐந்து சதமும் இல்லை. அந்தக் கேள்விக்குக் கூலி கொடுக்க நாங்களும் தயாரில்லை.

1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டில் அரசகரும மொழியானது. பஸ் பலகையில் தமிழ் பிழையாக எழுதியிருந்தால் படமெடுத்துப் போடுகிறோம், போடவும் வேண்டும். ஆனால் இத்தனை இலட்சம் கொடுத்து வாங்குகிற வாகனம் எங்களோடு ஒரு சொல்லும் தமிழிலோ சிங்களத்திலோ பேசவில்லை என்பது எங்களுக்கு உறைக்கவே இல்லை. மொழி உரிமை பெயர்ப்பலகையோடு நின்றுவிடுமா?

திருத்தத் தெரியாத சமூகமும் இல்லை நாங்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் எங்கள் அப்பாமார் பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் கார் ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவை மிதித்து ரேடியோவில் செய்தி கேட்டார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பக் கதவு திறந்தது. அந்த ஐந்து வருஷமும் இந்த நாட்டின் கார்களை ஓட வைத்தது கராஜ்களும், பஞ்சிகாவத்தைப் பழைய உதிரிப்பாகக் கடைகளும்தான். மாற்ற வழியில்லாதபோது எல்லாம் திருத்தக்கூடியதாக இருந்தது. இப்போது மட்டும் எப்படித் திருத்தமுடியாததாகிப் போனது?

வெளியே இதற்காகச் சண்டை பிடித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலம் 2012இல் சட்டம் கொண்டுவந்தது: கார் கம்பனி தன் முகவருக்குக் கொடுக்கிற திருத்தத் தகவலை உரிமையாளருக்கும் வெளிக் கராஜுக்கும் கொடுக்கவேண்டும். 2020 வாக்கெடுப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் அதை இன்னும் விரிவாக்க வாக்களித்தார்கள். எல்லாவற்றையும் ஒரே திரைக்குள் திணிப்பதன் விலையும் தெரியவந்துவிட்டது. 2021இல் டெஸ்லா ஏறத்தாழ 135,000 கார்களைத் திருப்பி அழைக்க நேர்ந்தது. உள்ளே இருந்த 8 கிகாபைட் நினைவகம் தேய்ந்துபோக, நடுத்திரை செயலிழந்து றிவேர்ஸ் கமராவும் போனது. சுவீடனின் வி பீலேகரே சஞ்சிகை 2022இல் மணிக்கு 110 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு சோதனை செய்தது. வெறும் பொத்தான்கள் உள்ள 2005ஆம் ஆண்டு வொல்வோவில் நாலு சின்ன வேலைகளை 10 வினாடியில் முடித்தார்கள். திரை நிறைந்த புதுக் கார்களில் மிக மோசமானதற்கு 44.6 வினாடி போனது. 2026இலிருந்து சிக்னல், ஹோர்ன், வைப்பர் மாதிரி முக்கியமானவற்றுக்குத் தனிப் பொத்தான் இல்லாத கார்களின் புள்ளியைக் குறைக்கப்போவதாக யூரோ என்கப்பும் அறிவித்தது. அங்கே பாடம் படித்து முடிகிற நேரத்தில் அந்தத் திரைகள் எல்லாம் கப்பலேறி எங்களிடம் வரும்.

சிலர் சொல்லுவார்கள், “காருக்குள்ள கண்டவனும் கை வைக்கக்கூடாது, ஆபத்து” என்று. உண்மைதான். டாஷ்போர்ட்டுக்குள் எயார்பாக் வயர் இருக்கிறது. ஹைபிரிட்டில் தடித்த செம்மஞ்சள் கேபிள் உயிரை எடுக்கும், அதைத் தொடவே கூடாது. ஆனால் லைட் சுவிட்சை ஓஃப் பண்ணிப் பார்ப்பதில் என்ன ஆபத்து? ஆபத்தான வேலைக்கும் தகவலை மறைப்பது மருந்தாகாது, எல்லாருக்கும் விளங்குகிற மொழியில் கொடுப்பதுதான் மருந்து. இன்னும் சிலர், “சீனச் செற் மலிவுதானே” என்பார்கள். ஹயர் ஓடுகிற வீட்டில் ஒரு இலட்சத்து இருபதாயிரம் மலிவில்லை. கழற்றி எறிகிற நல்ல செற் யாருடைய காணியில் குப்பையாகக் கிடக்கும் என்றும் யோசியுங்கள்.

கடைசியாக எங்களைப் பற்றியும் ஒன்று. மேலாதிக்கம், அறிவதிகாரம் என்று மூன்று வருஷமாகப் பரீட்சையில் எழுதுகிறோம். கராஜில் கை கறுத்த பெடியனின் அறிவை அறிவாக மதித்தோமா? அவனுக்கு ஒரு கைநூலைத் தமிழில் எழுதிக் கொடுக்கலாம் என்று எங்களில் ஒருத்தருக்கும் இதுவரை தோன்றவில்லை. மொழி படித்தவர்கள் நாங்கள், பொருள் தெரிந்தவர்கள் அவர்கள். இரண்டும் ஒரே மேசையில் இருக்கவில்லை.

ஆகவே நாங்கள் கேட்பது இவ்வளவுதான். இறக்குமதியாகிற ஒவ்வொரு வாகனத்தோடும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு கைநூல் வரவேண்டும். பூட்டப்பட்ட செற்றைத் திறக்கிற குறியீடு வாங்குகிறவர் கையில் இருக்கவேண்டும். என்ன பழுது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று எழுதித் தராமல் ஒரு பொருளை மாற்றச் சொல்லக்கூடாது. கண்டுபிடிக்கிறவருக்குப் பொருள் விற்காவிட்டாலும் கூலி கொடுக்கவேண்டும், அது எங்கள் கடமை.

சட்டம் வரும்வரை, ‘மாத்துங்கோ’ என்கிறவரிடம் “ஏன்?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர் யோசிக்கிற நேரத்துக்கும் காசு கொடுங்கள்.

சங்கிலி இப்போதும் வீட்டில்தான் இருக்கிறது. அங்கிள் அந்தப் பிள்ளைக்குப் புது மூன்று சில்லுச் சைக்கிள் வாங்கிக் கொடுத்துவிட்டார்.