விலை வேறு, நிகழ்தகவு வேறு

முன்கணிப்புச் சந்தை விலையை அப்படியே நிகழ்தகவாக எடுத்தாளும் வழக்கம் நம் துறையில் வேரூன்றிவருகிறது. நடந்தால் ஒரு டாலர், நடக்காவிட்டால் ஒன்றுமில்லை என்ற ஒப்பந்தம் 60 சென்ட்டுக்குக் கைமாறினால், 60 சதவீத வாய்ப்பு என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறோம். அவ்வளவு எளிதாக அந்த எண்ணைப் பெயர்த்துக்கொள்ள முடியாது.

முதலில் ஒரு பலவீனமான குற்றச்சாட்டை ஒதுக்கிவிடலாம். 2016 ஜூனில், பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலேயே நீடிக்கும் என்று பந்தயச் சந்தைகள் வாக்குப்பதிவு நாள்வரை நம்பின. முடிவு வேறாக வந்தது. அதை மட்டும் வைத்துச் சந்தையைப் பழிப்பது முறையல்ல. ஐந்தில் ஒரு வாய்ப்புள்ளவை ஐந்தில் ஒரு முறை நடக்கத்தான் வேண்டும். கணிப்பின் தரத்தை ஒரே நிகழ்வைக் கொண்டு எடைபோட முடியாது.

உண்மையான சிக்கல் விலை உருவாகும் விதத்தில் இருக்கிறது. 2020 நவம்பரில் பைடன் வென்றதாகச் செய்தி நிறுவனங்கள் அறிவித்த பிறகும், பிரெடிக்ட்இட் சந்தையில் டிரம்ப்புக்கான ஒப்பந்தம் வாரக்கணக்கில் ஏறத்தாழ 10 சென்ட்டில் நின்றது. தவறு என்று தெரிந்தவர்கள் ஏன் அதைத் திருத்தவில்லை? கணக்கைப் பாருங்கள். எதிர் ஒப்பந்தத்தை 90 சென்ட்டுக்கு வாங்கினால் லாபம் 10 சென்ட். அதில் பத்து சதவீதம் கட்டணம். பணத்தை வெளியே எடுக்க, எடுக்கும் முழுத் தொகையில் மேலும் ஐந்து சதவீதம். மிஞ்சுவது சுமார் 4 சென்ட். ஓர் ஒப்பந்தத்தில் ஒருவர் அப்போது போடக்கூடிய உச்சத் தொகையாக இருந்த 850 டாலரைப் போட்டாலும் 40 டாலர்கூடத் தேறாது. அறிவு இருந்தது, அதை விலையில் ஏற்றும் ஊக்கம்தான் இல்லை.

உச்சவரம்பு தளர்ந்தால் வேறொரு தொல்லை. 2012 அமெரிக்கத் தேர்தலின்போது டப்ளினில் இயங்கிய இன்ட்ரேட் சந்தையில், கடைசி இரு வாரங்களில் வேட்பாளர் ராம்னிமீது கட்டப்பட்ட பணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒரே வர்த்தகருடையது என்று ஆய்வாளர்கள் ராத்ஸ்சைல்டும் சேத்தியும் பின்னர் கண்டறிந்தனர். அவருக்கு இழப்பு சுமார் 40 லட்சம் டாலர். ஒருவரின் பணம் பலரின் கருத்துபோல விலைப்பலகையில் தெரிந்தது.

இந்தக் குறைகள் எதுவும் இல்லாத சந்தையிலும் ஐயம் தீராது. வர்த்தகர்கள் இடர் குறித்து நடுநிலையாளர்கள், எல்லோரிடமும் சம பணம் என்று கொண்டால், 60 சென்ட் விலைக்குப் பின்னால் உள்ள சராசரி நம்பிக்கை 36 முதல் 84 சதவீதம் வரை எங்கும் இருக்கலாம் என்று பொருளியலாளர் சார்லஸ் மான்ஸ்கி 2006இல் காட்டினார். வேறு அனுமானங்களில் விலையும் சராசரியும் நெருங்கிவரும் என்று பொருளியலாளர்கள் உல்ஃபர்ஸும் சிட்சேவிட்ஸும் பதிலளித்தார்கள். அப்படியானால் விலையின் பொருள், நாம் வெளிப்படையாகச் சொல்லாத அனுமானங்களைப் பொறுத்தது.

சந்தையைக் கைவிடச் சொல்லவில்லை. மற்ற தரவுகளைப் போலவே அதையும் விசாரிக்கக் கோருகிறோம். இனி இவ்விதழுக்கு அனுப்பும் கட்டுரைகளில் சந்தை விலையை மேற்கோள் காட்டுவோர், வர்த்தக அளவு, கட்டணம், முதலீட்டு வரம்பு, முடிவைத் தீர்மானிக்கும் ஒப்பந்த வாசகம் ஆகிய நான்கையும் உடன் தர வேண்டும். இவை இல்லாத விலையை நிகழ்தகவு என்ற தலைப்பின்கீழ் அச்சிட மாட்டோம்.