விட்டுப்போனது நான்கு போல்ட் மட்டுமல்ல

விமானத்தில் ஏதாவது கழன்று விழுந்தால் போதும், "எவனோ ஒருத்தன் போல்ட் மாட்ட மறந்துட்டான், அவனைத் தூக்கி உள்ளே போடு" என்று சொல்ல நூறு பேர் வந்துவிடுகிறார்கள். மேல்மாடியில் உட்கார்ந்து உற்பத்தி இலக்கு குறிப்பவர்களுக்கு இதைவிட வசதியான பேச்சு வேறு கிடையாது.

2024 ஜனவரி 5. அமெரிக்காவின் போர்ட்லண்டிலிருந்து 177 பேரோடு கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸின் போயிங் 737 மேக்ஸ் 9 விமானத்தில், சுமார் 16,000 அடி உயரத்தில் பக்கவாட்டில் ஒரு பெரிய ஓட்டை. கதவு தேவைப்படாத இடத்தை மூடியிருந்த அடைப்பு பிய்த்துக்கொண்டு போய்விட்டது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. (அந்த அடைப்பு விழுந்து கிடந்தது ஒரு பள்ளி ஆசிரியர் வீட்டுத் தோட்டத்தில்!) அதைப் பிடித்திருக்க வேண்டிய நான்கு போல்ட்டும் மாட்டப்படவே இல்லை என்று விசாரணையில் தெரிந்தது.

ஏன் மாட்டவில்லை? அதைக் கேளுங்கள்.

அந்த விமானத்தின் உடற்பகுதியைச் செய்தது விச்சிட்டா நகரில் உள்ள ஸ்பிரிட் ஏரோசிஸ்டம்ஸ். அங்கிருந்து ரென்டனில் உள்ள போயிங் ஆலைக்கு ரயிலில் வந்தது. அடைப்புக்குப் பக்கத்தில் ஐந்து ரிவெட்டுகள் சரியில்லை. அவற்றை மாற்ற அடைப்பைத் திறக்க வேண்டும். ரிவெட் வேலை சப்ளையர் ஆட்களுடையது, திறந்து மூடும் வேலை போயிங் ஆட்களுடையது. திறந்தார்கள், மாற்றினார்கள், மூடினார்கள். திறந்ததாக எந்தப் பதிவும் இல்லை. பதிவு இல்லையென்றால் பரிசோதகர் எதைப் பார்க்க வருவார்? காகிதத்தின்படி அது திறக்கப்படவே இல்லையே!

குறையோடு வந்த பாகத்தை "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று அடுத்த கட்டத்துக்குத் தள்ளுவதற்குத் தொழிலில் ஒரு பெயரே உண்டு: டிராவல்ட் வொர்க். மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு வராத பிள்ளையை எட்டாம் வகுப்புக்குத் தள்ளிவிடுகிற கதைதான். எட்டாம் வகுப்பு ஆசிரியர் தன் பாடத்தையும் நடத்த வேண்டும், வாய்ப்பாட்டையும் சொல்லித்தர வேண்டும். ஏதோ ஒன்று விட்டுத்தான் போகும். அதற்கு அவரை மட்டும் குற்றம் சொல்வீர்களா?

அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2025இல் சொன்ன முடிவைப் பாருங்கள். பயிற்சியும் வழிகாட்டலும் மேற்பார்வையும் போதுமான அளவு தராத போயிங்கின் மீதுதான் அது காரணத்தை வைத்தது. எந்தத் தனித் தொழிலாளி மீதும் அல்ல.

இன்னொன்று. விச்சிட்டா ஆலை 2005 வரை போயிங்குக்குச் சொந்தம். விற்றார்கள். அதற்கு முன்பே, 2001இல், போயிங்கின் சொந்தப் பொறியாளர் ஜான் ஹார்ட்-ஸ்மித், வேலையை வெளியே கொடுத்தால் செலவு வெளியே போகாது, லாபம்தான் வெளியே போகும் என்று கட்டுரையே எழுதினார். கேட்டார்களா? கடைசியில் 2024இல் ஸ்பிரிட்டைத் திரும்ப வாங்குவதாக அறிவித்தார்கள். பங்கு மதிப்பு 470 கோடி டாலர்.

"வெளியே கொடுக்காமல் விமானம் செய்ய முடியுமா சார்?" என்று கேட்பீர்கள். முடியாது. நான் அதை எதிர்க்கவும் இல்லை. வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம், பொறுப்பைப் பிரித்துக் கொடுக்க முடியாது என்கிறேன். ஒரே நிறுவனத்துக்குள்ளும் இது நடக்கும். ஏர்பஸ் ஏ380 விமானத்தில் ஹாம்பர்க்கில் செய்த வயர்கள் துலூஸில் நீளம் போதாமல் நின்றன. இரண்டு இடத்திலும் ஒரே வரைபட மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகள்! அந்தத் திட்டம் சுமார் 2 ஆண்டு தாமதமானது.

இது நமக்கும் சம்பந்தப்பட்டது. சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி என்று பாதுகாப்புத் தொழில் வழித்தடம் அறிவித்திருக்கிறோம். அங்கே வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன்: கழற்றியதை எழுது, மாட்டியதை எழுது, எழுதாமல் கையெழுத்துப் போடாதே. முதலாளிகளுக்கும் ஒன்று: குறையைச் சொல்லி வேலையை நிறுத்துகிறவனைத் தாமதத்துக்குக் காரணம் என்று திட்டாதீர்கள். அவன்தான் உங்கள் நிறுவனத்தின் ஐந்தாவது போல்ட்.

மாற்றுக்கருத்து இருந்தால் தாராளமாக எழுதுங்கள். "எவனோ ஒருத்தன்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.