நம்பிக்கை யாரிடமிருந்து தொடங்குவது?

தொழிலாளியை நம்பி வேலையை ஒப்படைத்தால் ஆலை பாழாகும் என்றும், கண்காணிப்புத் தளர்ந்தால் உழைப்பும் தளரும் என்றும், தான் அறிந்த சூட்சுமத்தை எந்த ஊழியனும் பிறருக்குச் சொல்லமாட்டான் என்றும் நிர்வாகிகள் பலர் சொல்லிவருகின்றனர். அனுபவத்தின் சாரம்போல் ஒலிக்கும் இந்த அபிப்பிராயத்தை, அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்து ஃப்ரீமாண்ட் நகரில் நிகழ்ந்ததை அறிந்த பின் என்னால் ஏற்க இயலவில்லை.

அங்கிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை, வேலைக்கு வராமையாலும் ஓயாத பூசலாலும் தரக்கேட்டாலும் சீர்குலைந்து 1982-இல் மூடப்பட்டது. தொழிலாளரின் சுபாவமே அதற்குக் காரணம் என்றால், 1984-இல் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டுச் சேர்ந்து 'நம்மி' என்ற பெயரில் அதே ஆலையைத் திறந்து, பெரும்பாலும் அதே தொழிலாளரை அதே சங்கத்தோடு அமர்த்தியபோது, அந்தச் சுபாவம் எங்கே போயிற்று? வராதோர் தொகை வெகுவாகக் குறைந்தது. காரின் தரம் டொயோட்டாவின் ஜப்பானிய ஆலையின் தரத்தை எட்டியது.

கண்காணிப்பைத் தளர்த்தி அதிகாரம் தந்தால் தொழிலாளர் அதைத் துஷ்பிரயோகம் செய்வார்கள் என்பது அடுத்த வாதம். எது வந்தாலும் உற்பத்தி வரிசை நிற்கலாகாது என்று பழுதோடு கார்களை நகர்த்திய இடத்தில், பழுதைக் கண்ட எவரும் கயிற்றை இழுத்து வரிசையையே நிறுத்தலாம் என்ற உரிமை வந்தது. அதனால் ஆலை முடங்கிவிடவில்லை.

அறிவை ஒளிப்பது மனித இயல்பு என்ற வாதமே எனக்குப் பெரிதும் அநீதியாகப் படுகிறது. விஞ்ஞான நிர்வாகத்தின் பிதா எனப்படும் டெய்லரே, வேகமாகச் செய்து காட்டினால் உருப்படிக் கூலியைக் குறைத்துவிடுவார்கள் என்ற அச்சத்தால்தான் தொழிலாளர் வேகத்தை மறைக்கின்றனர் என்று கண்டு எழுதியிருக்கிறார். சொன்ன யோசனையே தன் வேலைக்கு உலை வைக்கும் என்றிருந்தால் எவன்தான் வாய் திறப்பான்? ஃப்ரீமாண்டில் அந்த அச்சத்தை நிர்வாகமே முதலில் நீக்கிற்று. வேலையின் கடுமையைப் பற்றி அங்கும் முறையீடுகள் எழுந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஆட்குறைப்பு இல்லை என்ற வாக்கை 1988-இல் விற்பனை சரிந்தபோதும் காத்து, கையில் வேலையில்லாதோரைப் பயிற்சிக்கும் சீர்திருத்தப் பணிக்கும் அனுப்பினர். ஒவ்வொரு வேலைக்கும் உரிய முறையை, முன்பு பொறியாளர் மேலிருந்து விதித்த நிலை மாறி, தொழிலாளரே கடிகாரமும் கையுமாய் நின்று ஒருவர் வேலையை ஒருவர் அளந்து வகுத்தனர். 1991-இல் மட்டும் அவர்கள் 10,000-க்கு மேற்பட்ட யோசனைகளை அளித்தனர். அவற்றுள் மிகப் பெரும்பாலானவை நடைமுறைக்கும் வந்தன.