மஞ்சள் வண்டியும் ஒரு தட்டு மணலும்



மும்பையில் ஒரு குடும்பத்தைச் சந்தித்து ஜெபிக்கச் சென்றிருந்தேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. கட்டிலும் பீரோவும் அடுப்பும் தண்ணீர் டிரம்மும் போக, ஒரு பாய் விரிக்கும் இடமே மிச்சம். அந்த இடத்தில் இரண்டரை வயது மகன் குப்புறப் படுத்து விளையாடிக்கொண்டிருந்தான். கையில் பிளாஸ்டிக் ஜேசிபி. எதிரே காலித் தீப்பெட்டிகள் வரிசையாக நின்றன. "டுர்ர்ர்" என்று ஓசை எழுப்பியபடி வண்டியைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகச் சாய்த்தான். எல்லாம் விழுந்ததும் திரும்ப அடுக்கினான், திரும்ப இடித்தான்.

தாயாரின் முகம் வாடிவிட்டது. வண்டியைப் பறித்துப் பீரோவின்மேல் வைத்துவிட்டு, கைப்பேசியை அவனிடம் கொடுத்தார். "மன்னிச்சுக்கோங்க ஐயா. எங்க வரிசை வீடுகளை இடிச்ச நாள்லேர்ந்து இதே விளையாட்டுதான். பார்க்கவே மனசு பதறுது. அபசகுனம் மாதிரி இருக்கு" என்றார். சில மாதங்களுக்கு முன் அவர்கள் குடியிருந்த வரிசை இடிக்கப்பட்டபோது, அவன் தாயின் இடுப்பில் இருந்தபடியே அனைத்தையும் பார்த்திருக்கிறான்.

அபசகுனம் என்னும் சொல் நம்முடைய வாயில் வரத் தகாதது என்பதை வேறொரு நாள் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். "அந்த வண்டியைப் பிள்ளையிடமே கொடுங்கள் அம்மா" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்பதற்கான விளக்கமே இம்மாதத்துப் பக்கம்.

நாமாக இருந்தால், அன்று நடந்ததைப் பத்துப் பேரிடம் சொல்லி அழுது மனபாரத்தை இறக்கியிருப்போம். இரண்டரை வயதுப் பிள்ளைக்கு அவ்வளவு வார்த்தைகள் ஏது? கண்டதை அவன் கையினால் சொல்லுகிறான். அன்றைக்கு அந்த இயந்திரத்தின் முன் அவன் மிகச் சிறியவன். பாயின்மேலோ ஓட்டுநர் அவனே. அவன் நிறுத்தினால் வண்டி நிற்கும். அவன் அடுக்கினால் வீடு எழும்பும். அந்த வண்டியை ஒளித்துவைப்பதால் அச்சம் ஒளிந்துபோவதில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். விளையாட்டு வாரக்கணக்கில் சற்றும் மாறாமல், மகிழ்ச்சியே இல்லாமல் நடந்தாலோ, பிள்ளை இரவில் அலறி எழுந்தாலோ, பேசிய பேச்சு குறைந்தாலோ, குழந்தை மருத்துவரிடம் காட்டத் தாமதிக்கவேண்டாம்.

கைப்பேசியிலும் ஜேசிபி வரத்தான் செய்கிறது. பிள்ளைகள் அசையாமல் பார்க்கிறார்கள். நமக்கும் சமையல் முடிகிறது. ஆனால் திரையில் தெரியும் மண்ணுக்குப் பாரமில்லை, ஈரமில்லை, மணமில்லை. ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரை வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படவேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் அறிவித்தது. குறைவாயிருந்தால் இன்னும் நல்லது என்றும் சொல்லியிருக்கிறது.

இதற்குப் பெரிய வீடு வேண்டியதில்லை. பழைய போர்வை ஒன்றை விரித்து, அதன்மேல் அகன்ற தாம்பாளம் ஒன்றை வையுங்கள். அலசி வெயிலில் உலர்த்திய ஆற்று மணல் இரண்டு படி போதும். உணவுப்பொருளை விளையாடக் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை. வண்டு விழுந்து எறியப்போகும் ரவை இருந்தால் அது வேறு. மணல் உலர்ந்திருக்கும்போது வண்டியின் வாளியிலிருந்து வழிந்தோடும், குவித்தால் சரியும். ஒரு குவளை நீர் தெளித்துக் கொடுத்தால் அதே மணல் சுவராக நிற்கும், பள்ளம் தோண்டினால் பள்ளமாகவே இருக்கும். ஏன் இப்படி மாறியது என்று பிள்ளை ஒரு கணம் திகைத்துப் பார்ப்பான். அந்தத் திகைப்பை நீங்கள் கெடுத்துவிடாதிருங்கள். விளக்கம் சொல்லப் பிற்பாடு பள்ளிக்கூடம் இருக்கிறது.

வண்டியை ஒரு கையால் பிடித்து மறு கையால் வாளியை உயர்த்துவதற்கு இரண்டு கைகளும் வெவ்வேறு வேலை செய்யவேண்டும். பின்னாளில் தாளைப் பிடித்துக்கொண்டு எழுதுவதற்கும், சட்டைப் பொத்தானைப் போடுவதற்கும் தேவையான பழக்கம் இதுதான். ஒரு வயதில் பிள்ளை வண்டியைத் தட்டும், கடிக்கும். ஒன்றரை இரண்டு வயதில் பாவனை தொடங்குகிறது. தீப்பெட்டி செங்கல்லாகிறது, தலையணை மலையாகிறது. மூன்று வயதில் ஓட்டுநர் மாமாவுக்குத் தேநீர் வேண்டும், டயர் பஞ்சராகும், கதை பிறக்கும். இதில் ஆண்பிள்ளை, பெண்பிள்ளை என்ற பேதம் எதற்கு? மகளுக்குச் சொப்பு வாங்கும்போது ஒரு டிப்பர் லாரியும் வாங்குங்கள்.

தமிழகத்தை விட்டு வந்து வாழும் நமக்கு இன்னொரு லாபமும் உண்டு. வெளியே இந்தி கேட்கும் பிள்ளைகள் மண்ணை "மிட்டி" என்கிறார்கள். தாம்பாளத்தின் அருகே அமர்ந்து, அள்ளு, கொட்டு, நிரப்பு, தள்ளு, மேடு, பள்ளம், ஈரம், பாரம் என்று வேலையோடு சேர்த்துச் சொல்லிவந்தால், புத்தகமில்லாமலே தாய்மொழி ஏறும். வண்டிகளின் பெயர்களிலும் கதை உண்டு. ஜேசிபி என்பது 1945இல் இங்கிலாந்தில் ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு தொடங்கிய நிறுவனத்திற்கு அவர் பெயரின் முதலெழுத்துகளால் வந்த பெயர். 1979இல் அது ஹரியானாவின் பல்லப்கரில் கால் ஊன்றியது. ஊரில் நாம் சொல்லும் பொக்லைன் என்பதும் பிரான்சு நாட்டு நிறுவனம் ஒன்றின் பெயரே. முன்னால் அகன்ற வாளியும் பின்னால் தோண்டும் கையும் உடையது ஜேசிபி. சங்கிலிப் பட்டையில் ஊர்ந்து, மேல்பாகம் முழுவதும் சுழல்வது மற்றது. பிள்ளைகள் இதில் நம்மைவிடத் தெளிவானவர்கள். தவறாகச் சொல்லிப் பாருங்கள், திருத்துவார்கள்.

எச்சரிக்கையும் அவசியம். மூன்று வயதிற்குட்பட்ட பிள்ளைக்குக் கழன்று விழும் சிறு சக்கரமுள்ள வண்டி ஆகாது. பட்டன் பாட்டரி போட்ட பொம்மை வீட்டிற்குள்ளேயே வரவேண்டாம் என்பேன். விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்திற்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். கையால் தள்ளும் வண்டியே போதும். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயமாயிருக்கிறது. ரயிலில் விற்கிறார்கள் என்று முத்திரையில்லாததை வாங்காதீர்கள். சரக்காக ஏற்றுவதற்குக் கடலை, புளியங்கொட்டை, மணி முதலியவற்றைக் கொடுக்கவேண்டாம். மூக்கிற்குள் போய்விடும், தொண்டையில் அடைக்கும். விளையாட்டு முடிந்தபின் வண்டிகளைக் கழுவுவது பிள்ளைகளுக்குப் பேரானந்தம். பேசினில் இரண்டு விரற்கடை நீர் போதும். அருகிலேயே இருங்கள், முடிந்தவுடன் நீரைக் கொட்டிவிடுங்கள்.

அன்று அந்த வீட்டில் வண்டி திரும்பக் கிடைத்ததும், நானும் பாயில் அமர்ந்தேன். முழங்கால் வலிக்கு அது பெரிய காரியம். அவன் மறுபடியும் இடித்தான். நான் தடுக்கவில்லை. "இந்த வீட்டுச் சாமான்களெல்லாம் எங்கே போகும்?" என்று மட்டும் கேட்டேன். சற்று யோசித்தவன், கட்டிலின் அடியிலிருந்து சக்கரமொன்று இல்லாத லாரியை இழுத்துவந்தான். தீப்பெட்டிகளை ஒவ்வொன்றாக ஏற்றினான். லாரி கட்டிலின் கீழே சென்று நின்றது. அங்கே, சுவரோரமாக, எல்லாவற்றையும் நெருக்கமாக அடுக்கினான்.

"இது யாரு வீடு?" என்று தாயார் அடுப்பைவிட்டு வந்து குனிந்து கேட்டார்.

"அம்மா வீடு" என்றான். பிறகு ஒரு பெட்டியை எடுத்து என் கையில் வைத்து, "தாத்தா, இது கதவு. மெதுவா வை" என்றான்.