நாடி உணர்த்தும் மெய்ப்பொருள்

பிறந்தவர் யாவரும் இறப்பது உறுதி. இதனை அறியாதார் இல்லை. ஆயினும் தம் இல்லத்தில் அச்சொல் ஒலிப்பதை விரும்புவாரும் இல்லை. ஆயுள் விருத்தி வேண்டி அர்ச்சனை செய்யும் பக்தர்களும், அந்த ஆயுளுக்கு ஓர் எல்லை உண்டு என்பதை எண்ணிப் பார்ப்பது அரிது. அவ்வெண்ணத்திற்குத் துணை நிற்கும் நாவல் ‘ஆரோக்கிய நிகேதனம்’.

வங்க எழுத்தாளர் தாராசங்கர் பந்தோபாத்யாய 1953-இல் படைத்த இந்நூல், 1956-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. த. நா. குமாரசாமி இதனைத் தமிழில் தந்துள்ளார்.

கதைத் தலைவர் ஜீவன் மஷாய் ஒரு கிராமத்து வைத்தியர். மேல்நாட்டு மருத்துவம் பயின்று டாக்டராக விளங்க வேண்டும் என்பதே அவரது இளமைக் கனவு. விரும்பிய பெண் வேறொருவரை மணக்கவே, மனமுடைந்து ஊர் திரும்பித் தந்தையிடம் ஆயுர்வேதம் கற்றார். விதி அடைத்த ஒரு வாயில், மற்றொன்றைத் திறந்தது. நாடியில் விரல் வைத்து மரணத்தின் வருகையை உணரும் ஆற்றல் அவருக்கு வாய்த்தது.

இந்நாவலில் மரணம் கொடிய அரக்கன் அன்று. பிங்கல நிறக் கூந்தலை உடைய ஒரு தேவி. மகாபாரதத்தில், உயிர்களைக் கவருமாறு பிரம்மன் பணித்தபோது மிருத்யு தேவி கண்ணீர் சொரிந்தாள், அக்கண்ணீரே பிணிகளாயின. மரணத்திற்கும் கருணை உண்டு என்று கண்ட மரபு நம்முடையது.

ஆயினும் அந்த ஞானத்திற்கும் விலை உண்டு. தம் ஒரே மகனின் நாடியிலும் மஷாய் முடிவைக் கண்டார். கண்டது பிழையாகவில்லை, ஆனால் மனைவியின் நெஞ்சில் விழுந்த புண் இறுதிவரை ஆறவில்லை. இறப்பை முன்கூட்டி உரைப்பது கொடுமை என்று இளம் டாக்டர் பிரத்யோத் சினம் கொள்வதிலும் நியாயம் உண்டு.

அவ்வாறெனில் உண்மையை மறைப்பதே அறமா? இன்றும் பல இல்லங்களில் நோயாளி ஒருவரைத் தவிர அனைவரும் அவரது நிலையை அறிந்திருக்கின்றனர். பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல், தீர்க்க வேண்டிய மனத்தாங்கலைத் தீர்க்காமல், இறைவனை அமைதியாக நினைக்கவும் இயலாமல் அவர் விடைபெறுகிறார். அன்பின் பெயரால் இழைக்கப்படும் அநீதி இது. அவர் அறிய விரும்பினால், உற்றவர் அருகில் அமர்ந்து, கரம் பற்றி, கனிவுடன் கூறுவதே முறை. கனிவற்ற உண்மை காயப்படுத்தும். உண்மையற்ற கனிவோ ஏமாற்றும்.

‘எல்லாம் விதி’ என்று சிகிச்சையைக் கைவிடுவதும் பக்தி ஆகாது. முடிவை உணர்ந்த மஷாய் எவரது நோயையும் அலட்சியம் செய்தாரில்லை. இறுதியில் தம் நாடியையே பற்றி, வரவிருக்கும் தேவியை விழிப்புடன் எதிர்நோக்கினார்.

சந்நிதியில் நீண்ட ஆயுளை வேண்டுவது இயல்பே. அதனுடன், வரும் நாளை அச்சமின்றி ஏற்கும் தெளிவையும் வேண்டுவோமாக.