தீ அணைந்த பிறகு யார் வருவது?

2024 செப்டம்பர் 28 அன்று ஓசூர் அருகே டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் தீப்பிடித்தது, உற்பத்தி நின்றது. இப்படிப்பட்ட தீ அணைந்தாலும் சேதம் நிற்காது. பிவிசி வயர் எரிந்து வரும் ஹைட்ரஜன் குளோரைடு, ஈரம் பட்டால் அமிலமாகிவிடும். தீயே தொடாத மெஷினின் சர்க்யூட் போர்டையும் அது அரிக்கும். ஈரத்துணியால் துடைத்தால் (முதலில் நடப்பது அதுதானே!) இன்னும் மோசம்.

அமெரிக்காவில் இயங்கும் ஐஐசிஆர்சி அமைப்பு, தீ-புகை சேதத்தைச் சரிசெய்வதற்கென்றே வகுப்பும் தேர்வும் வைத்துச் சான்றிதழ் தருகிறது. இங்கே? இன்சூரன்ஸுக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயருக்கு ஐஆர்டிஏஐ லைசென்ஸ் கட்டாயம். அந்தக் கரியை அள்ளுகிறவருக்குத் துடைப்பம் போதுமாம்!

சிப்காட்டைச் சுற்றி இத்தனை ஆலைகள் இருக்கும்போது, ஓசூர் ஐடிஐயிலேயே இதற்கொரு குறுகிய காலப் பயிற்சி தொடங்கலாம். மெஷின் பிழைப்பது இருக்கட்டும்; எதை வெறுங்கையால் தொடக்கூடாது என்பதாவது அந்த ஒப்பந்தத் தொழிலாளிக்குத் தெரிய வேண்டும்.